வணிகக் கட்டடத்துக்கு ஜெனரேட்டர்: வாங்கும் முன்னும் நிறுவும்போதும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் கடை, விடுதி, திருமண மண்டபம், மருத்துவமனை, சிறு தொழிற்கூடம் போன்ற இடங்களுக்கு டீசல் ஜெனரேட்டர் நிறுவும் வேலையில் இருக்கிறேன். யார் அழைத்தாலும் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். மின்வேலையை நீங்களே செய்துகொள்வதற்காக எழுதியதல்ல இது. வேலைக்கு வருபவரிடம் சரியான கேள்வியைக் கேட்பதற்காக எழுதியது.

ஜெனரேட்டர் வாங்க முடிவு செய்துவிட்டோம். கிர்லோஸ்கரா, கம்மின்ஸா, மஹிந்திராவா, எது நல்லது?

இந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது. பெயர் பெற்ற கம்பெனிகளின் எஞ்சின்கள் எல்லாமே ஒழுங்காகப் பராமரித்தால் ஓடும். உங்கள் ஊரில் யாருடைய சர்வீஸ் ஆள் இரவு 11 மணிக்குப் போன் எடுப்பார் என்பதை விசாரித்து அதன்படி முடிவெடுங்கள்.

முதல் வேலை லோடு பட்டியல். ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். மின்சாரம் நின்றால் நொடியும் நிற்கக் கூடாதவை, சில நிமிடம் பொறுக்கக்கூடியவை, மின்சாரம் வரும் வரை நின்றாலும் பரவாயில்லை என்பவை. கட்டடத்தில் உள்ள ஒவ்வொரு சாதனமும் இந்த மூன்றில் ஒன்றில் விழ வேண்டும். இந்தத் தாள் இல்லாமல் விலை கேட்டால், விற்பவர் சொல்லும் அளவுதான் உங்கள் அளவாகிவிடும்.

கே.வி.ஏ. என்கிறார்கள், கிலோவாட் என்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?

ஜெனரேட்டரை கே.வி.ஏ. கணக்கில் விற்கிறார்கள், உங்கள் சாதனங்கள் பெரும்பாலும் கிலோவாட்டில் இருக்கும். பவர் ஃபேக்டர் (கே.வி.ஏ.வில் கிலோவாட்டாகப் பயன்படும் பங்கு) 0.8 என்று வைத்துத்தான் செட்டுகள் மதிப்பிடப்படுகின்றன. ஆகவே 125 கே.வி.ஏ. செட் தருவது 100 கிலோவாட், 62.5 கே.வி.ஏ. தருவது 50 கிலோவாட்.

ஆம்பியர் தெரிய வேண்டுமானால், 415 வோல்ட் மும்முனை மின்சாரத்தில் ஒரு கே.வி.ஏ.வுக்குச் சுமார் 1.39 ஆம்பியர். 125 கே.வி.ஏ.வுக்கு 174 ஆம்பியர் வரும். கேபிள், பிரேக்கர், சேஞ்ச் ஓவர் (ஈ.பி.க்கும் ஜெனரேட்டருக்கும் இடையே லோடை மாற்றும் சுவிட்ச்) எல்லாம் இந்த எண்ணிலிருந்துதான் தொடங்கும். மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடியும் வரும்.

ஈ.பி. இணைப்பு 100 கிலோவாட்டுக்கு வாங்கியிருக்கிறோம். அதே அளவுக்கு ஜெனரேட்டர் எடுத்தால் சரிதானே?

சரியாக அமையலாம். ஆனால் கணக்குப் போடாமல் அப்படி எடுக்காதீர்கள். இணைப்பின் அளவு நீங்கள் அனுமதி வாங்கிய அளவு. நீங்கள் இழுக்கும் அளவு அல்ல. மீட்டர் பதிவு செய்திருக்கும் அதிகபட்சத் தேவையை ஓராண்டுக்குப் பாருங்கள். தீபாவளி மாதம் ஒரு மாதிரியும் மார்கழி வேறு மாதிரியும் இருக்கும். பிறகு கூட்டம் நிறைந்த ஒரு மாலையில் கிளாம்ப் மீட்டர் கொண்டு ஒவ்வொரு பேனலிலும் மூன்று பேஸையும் அளக்கச் சொல்லுங்கள். ஒரு பேஸில் மட்டும் லோடு குவிந்திருப்பது அப்போதுதான் தெரியும்.

மூன்று மாடித் துணிக்கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். விளக்கு, பில்லிங், கேமரா எல்லாம் 18 கிலோவாட். லிஃப்ட் இரண்டும் சேர்ந்து 15. தண்ணீர் மோட்டார் 4. ஏ.சி. 50. மொத்தம் 87 என்றாலும் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது; உச்ச நேரத்தில் 70 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளலாம். முழு ஏ.சி.யும் வேண்டுமானால் 125 கே.வி.ஏ. பொருந்தும். பாதி ஏ.சி. போதுமானால் 100. ஏ.சி. வேண்டவே வேண்டாம் என்றால் 62.5 தாராளம். இந்த மூன்றுக்கும் இடையில் விலை, இடம், டீசல் செலவு எல்லாமே மாறும். இதை எஞ்சினியர் முடிவு செய்ய முடியாது. கடைக்காரர்தான் முடிவு செய்ய வேண்டும். பட்டுச் சேலை எடுக்க வந்த குடும்பம் வியர்வையோடு கால் மணி நேரம் உட்காருமா என்பது அவருக்குத்தான் தெரியும்.

எங்கள் மோட்டார் 30 குதிரைத் திறன்தான். அதற்கே பெரிய செட் வேண்டும் என்கிறார்களே, ஏமாற்றுகிறார்களா?

ஏமாற்றவில்லை. 30 குதிரைத் திறன் மோட்டார் ஓடும்போது 40 ஆம்பியர் அளவில்தான் எடுக்கும். ஆனால் ஸ்டார்ட்டரில் நேரடியாகக் கிளப்பினால் முதல் சில நொடிகளுக்கு ஆறேழு மடங்கு இழுக்கும், அதாவது 240 முதல் 280 ஆம்பியர். மேலே பார்த்த 125 கே.வி.ஏ. செட்டின் முழு அளவே 174 ஆம்பியர்தான். வோல்டேஜ் சரிந்து விளக்குகள் மங்கும். மற்ற மோட்டார்களின் கான்டாக்டர்கள் (மின்சாரத்தை இணைக்கும் காந்த சுவிட்சுகள்) விழும். லிஃப்ட் நடுவழியில் நிற்கும்.

அதற்காக உடனே செட்டைப் பெரிதாக்க வேண்டியதில்லை. ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் போட்டால் இழுவை மூன்றில் ஒரு பங்காகக் குறையும். சாஃப்ட் ஸ்டார்ட்டரோ, வேகக் கட்டுப்பாட்டு டிரைவோ இருந்தால் இன்னும் நல்லது. பெரிய மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும்படி டைமர் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ஸ்டார்ட்டரை மாற்றும் செலவு, செட்டின் அளவைக் கூட்டும் செலவைவிடப் பெரும்பாலும் குறைவு.

எதற்கும் இருக்கட்டும் என்று பெரிதாகவே வாங்கிவிட்டால் பிற்காலத்துக்கும் ஆகுமே?

டீசல் எஞ்சினுக்குக் குறைந்த லோடு நல்லதல்ல. முழு அளவில் 30 சதவீதத்துக்கும் கீழே தொடர்ந்து ஓடினால் சிலிண்டர் போதுமான அளவு சூடாகாது. டீசல் முழுதாக எரியாமல் கரியும் பிசுக்குமாகச் சேரும். புகைக்குழாய் இணைப்புகளில் தார் போன்ற கறுப்பு எண்ணெய் வழிவதை நீங்களே பார்க்கலாம். புதிய செட்டுகளின் புகை வடிகட்டிகள் அடைபடவும் இதுவே காரணமாகும்.

வழக்கமான லோடு செட்டின் 60 முதல் 80 சதவீதத்துக்குள் அமைவது நல்லது. இரண்டு ஆண்டில் இன்னொரு மாடி கட்டுவது உறுதி என்றால் கேபிள் பாதை, மேடை, பேனல் ஆகியவற்றில் இப்போதே இடம் விட்டு வையுங்கள். செட்டை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

விலைப்பட்டியலில் பிரைம், ஸ்டாண்ட்பை என்று இரண்டு எண் போட்டிருக்கிறார்கள். எது உண்மையான அளவு?

இரண்டும் உண்மை, ஆனால் வேறு வேறு உபயோகத்துக்கு. ஸ்டாண்ட்பை அளவு ஆண்டுக்கு 200 மணி நேரம் வரை ஓடும் அவசரத் தேவைக்கானது. அதற்கு மேல் கூடுதல் லோடு ஏற்ற இடமில்லை. பிரைம் அளவில் மணிக்கணக்குக்கு வரம்பில்லை. ஆனால் ஏறி இறங்கும் லோடின் 24 மணி நேரச் சராசரி 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம் மட்டும் 10 சதவீதம் கூடுதல் தாங்கும். இரண்டு கம்பெனிகளை ஒப்பிடும்போது ஒருவருடைய ஸ்டாண்ட்பையை இன்னொருவருடைய பிரைமோடு ஒப்பிட்டுவிடாதீர்கள். உதகை, கொடைக்கானல் போல 2,000 மீட்டருக்கு மேலுள்ள ஊரானால், காற்று அடர்த்தி குறைவதால் திறன் எவ்வளவு குறையும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

பேஸ்மென்டில் இடம் சும்மா கிடக்கிறது. அங்கே வைத்துவிடலாமா?

முடிந்தவரை வேண்டாம். 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது சென்னையில் தரைக்குக் கீழே இருந்த ஜெனரேட்டர் அறைகள் மூழ்கின. எது காப்பாற்ற வேண்டுமோ அது முதலில் போயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகள் மறுபடியும் நீரில் நின்றன. அதே மாதம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மின்சாரம் நின்று ஜெனரேட்டர் தேவைப்படும் நாளும் பேஸ்மென்டில் தண்ணீர் புகும் நாளும் நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் ஒரே நாள்தான். செட் மேலே இருந்து பேனலோ டீசல் பம்போ கீழே இருந்தாலும் பயனில்லை. மூன்றும் வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும்.

அடுத்தது புகை. எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை, மூடிய இடத்தில் ஆளைக் கொன்றுவிடும். குழாய் மேலே போகிறது என்று நம்பி இருக்கையில் ஒரு குழாய் இணைப்பில் கேஸ்கெட் தளர்ந்தால் போதும். வெப்பமும் சேரும்: ரேடியேட்டர் தள்ளும் சூடான காற்று வெளியேற வழியில்லாவிட்டால் அதையே மறுபடி உறிஞ்சி எஞ்சின் சூடேறி நின்றுவிடும்.

எனக்குப் பிடித்த இடம் கட்டடத்தின் பின்புறமோ பக்கவாட்டோ, திறந்தவெளி, தெரு மட்டத்தைவிட உயரமான மேடை, டீசல் வண்டி அருகில் வந்து நிற்க வழி. கேனபியின் (செட்டை மூடியிருக்கும் ஒலித் தடுப்புக் கூடு) எல்லாக் கதவுகளும் முழுதாகத் திறக்க நாற்புறமும் ஒரு மீட்டருக்குக் குறையாத இடம் வேண்டும். சூடான காற்று வெளிவரும் பக்கம் இரண்டு மீட்டராவது விடுங்கள். அந்தப் பக்கம் யாருடைய ஜன்னலும் ஏ.சி. வெளி யூனிட்டும் இருக்கக் கூடாது.

அப்படியானால் மொட்டை மாடி?

வெள்ளமும் புகையும் பிரச்சினையில்லை. எடையும் அதிர்வும்தான் பிரச்சினை. 125 கே.வி.ஏ. செட் கேனபியோடு இரண்டு டன்னைத் தொடும். கட்டுமானப் பொறியாளர் வரைபடத்தைப் பார்த்து எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டும் செய்யுங்கள். பழுதானால் இறக்குவதற்குக் கிரேன் நிற்க வழி இருக்கிறதா, டீசலை மாடிக்கு எப்படி ஏற்றுவீர்கள் என்பவற்றையும் சேர்த்து யோசியுங்கள்.

மேடைக்கு ஆழமாகத் தோண்ட வேண்டுமா?

இப்போது வரும் கேனபி செட்டுகளில் எஞ்சினுக்குக் கீழே அதிர்வு தாங்கும் ரப்பர் மவுண்டுகள் ஏற்கெனவே உண்டு. ஆகவே இறுகிய மண்ணில் ஒரு கான்கிரீட் மேடை போதும். நான்கு பக்கமும் கேனபியைவிட ஒரு சாண் அகலம், தரையிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் உயரம், மேல்பரப்பு துல்லியமான மட்டம். கேபிள் நுழையும் இடத்தை வார்ப்புக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் இறுகிய பிறகு உடைப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

புகைக்குழாயை எவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோக வேண்டும்?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு சூத்திரம் தந்திருக்கிறது. கே.வி.ஏ. எண்ணின் வர்க்கமூலத்தை 0.2 ஆல் பெருக்கி, அதைக் கட்டடத்தின் உயரத்தோடு மீட்டரில் கூட்டுங்கள். 125-இன் வர்க்கமூலம் 11.2, அதை 0.2 ஆல் பெருக்கினால் 2.24. கட்டடம் 12 மீட்டர் என்றால் குழாய் 14.24 மீட்டர்.

குழாய் நீளமும் வளைவும் கூடக் கூட எஞ்சின் புகையைத் தள்ளச் சிரமப்படும். நீளம் அதிகமானால் விட்டத்தையும் பெரிதாக்க வேண்டும். கம்பெனி தரும் எதிரழுத்த வரம்பைப் பார்த்துக் கணக்கிட வேண்டும். எஞ்சினிலிருந்து கிளம்பும் இடத்தில் நெகிழும் பெல்லோஸ், கை படும் உயரம் வரை வெப்பக் காப்பு, உச்சியில் மழைநீர் புகாத மூடி, இந்த மூன்றையும் விலைப்பட்டியலில் தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் வராது.

கேனபி போட்ட 'சைலன்ட்' செட்தானே? பக்கத்து வீட்டுக்காரர் ஏன் சண்டைக்கு வருகிறார்?

விதிப்படி கேனபியிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் சத்தம் 75 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. அது செட்டுக்கான வரம்பு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகலில் 55, இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபல். இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியில்தான் உங்கள் அண்டைவீட்டுக்காரர் தூங்க முயல்கிறார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சுமார் 6 டெசிபல் குறையும். இரண்டு சுவர்களுக்கு நடுவே உள்ள சந்தில் அப்படிக் குறையாது, சத்தம் மோதி மோதி மேலே ஏறும். அதனால்தான் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே ஜன்னல்களைப் பார்க்கச் சொன்னேன். நிறுவிய பிறகு செய்யக்கூடியவை கொஞ்சம்தான்: காற்று வெளிவரும் பக்கத்தில் ஒலி தடுக்கும் தட்டிகள், கூடுதல் சைலன்சர், கேனபிக் கதவின் ரப்பர் சீலை மாற்றுவது. வாராந்திரச் சோதனை ஓட்டத்தை ஞாயிறு காலை ஆறு மணிக்கு வைக்காமல் இருப்பதும் ஒரு மரியாதை.

பழைய செட் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

சி.பி.சி.பி. 4 பிளஸ் எனப்படும் புதிய புகை விதி 2023 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தது. 800 கிலோவாட் வரையுள்ள செட்டுகளுக்குப் பொருந்தும். பழைய தரத்துச் செட்டுகளை விற்றுத் தீர்க்கத் தந்த அவகாசமும் 2024 ஜூன் 30-உடன் முடிந்தது. ஆகவே இன்று 'புதியது' என்று யாராவது பழைய தரத்தைக் காட்டினால் விலகிவிடுங்கள். ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய செட்டானால், எந்தத் தரம் என்ற தகடு, எஞ்சின் எண், மணி மீட்டர், சர்வீஸ் பதிவேடு நான்கையும் பாருங்கள். உங்கள் இடத்தில் அதற்கு அனுமதி கிடைக்குமா என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.

புதிய செட்டுகளில் ஒரு கூடுதல் வேலை உண்டு. எஞ்சின் திறன் 56 கிலோவாட்டைத் தாண்டினால் பெரும்பாலும் புகையைச் சுத்தப்படுத்தும் டெஃப் எனப்படும் யூரியாக் கரைசலுக்குத் தனி டேங்க் இருக்கும். 35 டிகிரி வெப்பத்தில் அது ஆறு மாதம்தான் தாங்கும். வெயிலில் கேன் கேனாக அடுக்கி வைக்காதீர்கள். டெஃப் தீர்ந்தால் எஞ்சின் என்ன செய்யும், எச்சரிக்குமா, திறனைக் குறைக்குமா, நின்றுவிடுமா என்பதை வாங்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள். மருத்துவமனைக்கு இது உயிர்க் கேள்வி.

யார் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

மின் பாதுகாப்புக்கு மாநில அரசின் மின் ஆய்வுத் துறை. தலைமை அலுவலகம் சென்னை கிண்டியில், மாவட்டங்களில் மின் ஆய்வாளர்கள். வரைபடம், எர்த் அளவீடு, உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரின் கையெழுத்து எல்லாம் அங்கே போகும். புகைக்கும் ஒலிக்கும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். உங்கள் நிறுவனத்துக்கு ஏற்கெனவே வாரிய இசைவு இருந்தால் அதில் ஜெனரேட்டரையும் சேர்க்க வேண்டும். ஈ.பி. அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சொந்தமாக உண்டாக்கி நுகரும் மின்சாரத்துக்கும் தமிழ்நாட்டில் மின் நுகர்வு வரிச் சட்டம் உண்டு என்பதால் செட்டின் பேனலில் யூனிட் மீட்டர் இருக்கட்டும்.

இந்தக் காகிதங்களை 'பார்த்துக்கொள்கிறேன்' என்று விற்பவர் சொன்னால், எந்தெந்தக் காகிதம், யார் பெயரில், கட்டணம் யாருடையது என்று ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள்.

டீசல் எவ்வளவு சேர்த்து வைக்கலாம்?

பெட்ரோலியச் சட்டப்படி டீசல் 'பி' வகுப்பைச் சேர்ந்தது. ஓரிடத்தில் மொத்தம் 2,500 லிட்டர் வரை, எந்தக் கலனும் 1,000 லிட்டரைத் தாண்டாமல் இருந்தால் உரிமம் தேவையில்லை. 990 லிட்டர் டேங்க் சந்தையில் அதிகம் கிடைப்பதற்கு இதுவே காரணம். அதற்கு மேல் வேண்டுமானால் வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனமான பெசோவின் விதிகளுக்குள் வருவீர்கள்.

எவ்வளவு தேவை என்பதைக் கணக்கிடுவது எளிது. நல்ல லோடில் ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமார் 3.5 யூனிட் கிடைக்கும். 75 கிலோவாட் லோடுக்கு மணிக்கு 21 லிட்டர். எட்டு மணி நேரத்துக்கு 170. சாதாரண மின்தடைக்கு செட்டின் உள் டேங்கே போதும். டெல்டாவிலோ கடலூர்ப் பக்கமோ இருப்பவர்கள் அப்படி நினைக்கக் கூடாது. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. சாலையே மரங்களால் அடைபட்டிருந்தது. ஆனாலும் அளவின்றிச் சேர்க்காதீர்கள். பழைய டீசலில் நீர் இறங்கும், நுண்ணுயிர் வளர்ந்து சேறு போலப் படிந்து ஃபில்டரை அடைக்கும். ஆறு மாதத்துக்குள் எரித்துப் புதுப்பிக்கும் அளவே போதும்.

கையால் மாற்றும் சேஞ்ச் ஓவர் போதுமா, தானாக மாறும் பேனல் வேண்டுமா?

எப்போதும் ஆள் இருக்கும் சிறு கடைக்குக் கைமாற்று போதும். லிஃப்ட், மருத்துவமனை, குளிர்பதனக் கிடங்கு, இரவில் ஒற்றைக் காவலர் மட்டும் இருக்கும் இடம் என்றால் ஏ.எம்.எஃப். பேனல் வேண்டும். மின்சாரம் நின்றதை அது உணர்ந்து, செட்டைக் கிளப்பி, வோல்டேஜ் நிலைபெற்றதும் லோடை மாற்றும். இதற்கெல்லாம் 10 முதல் 15 நொடி ஆகும். முதல் கேள்வியில் சொன்ன 'நொடியும் நிற்கக் கூடாதவை' பத்திக்கு அந்த இடைவெளியைத் தாங்க யூ.பி.எஸ். தனியாக வேண்டும். ஜெனரேட்டர் அதற்கு மாற்றாகாது.

சேஞ்ச் ஓவர் வரும் வரை, மெயினை அணைத்துவிட்டு நேராக பேனலில் கொடுத்து ஓட்டலாமா? கவனமாக இருப்போம்.

கூடாது. ஒரு நாளைக்குக்கூடக் கூடாது. மெயினை அணைக்க ஒருவர் மறந்தால் உங்கள் 415 வோல்ட் ஈ.பி. லைனுக்குள் போகும். அங்கிருந்து டிரான்ஸ்ஃபார்மருக்குள் பின்வழியாக நுழைந்து மறுபக்கம் 11,000 வோல்ட்டாக வெளிவரும். அந்த நேரத்தில் கம்பத்தில் ஏறியிருப்பவர் லைன் செத்திருக்கிறது என்று நம்பிக் கை வைப்பார். உங்கள் தெருவுக்கு மின்சாரம் கொண்டுவர மழையில் ஏறிய மனிதர் அவர்.

ஈ.பி. திரும்பி வந்தாலும் ஆபத்துதான். இரண்டு மின்சாரமும் ஒத்திசையாமல் மோதி ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுற்ற மின்சாரம் உண்டாக்கும் பகுதி) எரியும், சில வேளை ஷாஃப்டே முறுக்கும். ஒன்று மூடினால் மற்றொன்று மூட முடியாதபடி இயந்திரப் பூட்டு உள்ள சேஞ்ச் ஓவர் மட்டுமே பாதுகாப்பு. கவனமும் எச்சரிக்கைப் பலகையும் அதற்கு ஈடாகா. நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் நான்கு துருவ வகையாக வாங்குங்கள். இல்லாவிட்டால் நியூட்ரல் வழியே மின்னோட்டம் சுற்றி, கசிவுத் தடுப்பு பிரேக்கர்கள் காரணமில்லாமல் விழும்.

கட்டடத்துக்கு ஏற்கெனவே எர்த் இருக்கிறது. தனியாக நான்கு குழி எதற்கு?

இரண்டு குழி ஆல்டர்னேட்டரின் நியூட்ரலுக்கு, இரண்டு செட்டின் உலோக உடம்புக்கும் கேனபிக்கும். ஈ.பி. பிரிந்த நிமிடத்தில் உங்கள் நியூட்ரலுக்கு ஆதாரம் உங்கள் குழிதான். அது அறுந்தால் நிலத்தைப் பொறுத்து வோல்டேஜ் நிலையின்றி மிதக்கும், எர்த்தில் கசிவு ஏற்பட்டாலும் பாதுகாப்பு பிரேக்கர் விழாமல் போகலாம். அதனால்தான் ஒன்றுக்கு இரண்டாக வைக்கிறார்கள். அளவீட்டை உங்கள் கண்முன் எடுக்கச் சொல்லுங்கள். கோடையில் இன்னொரு முறை எடுங்கள்.

ஈ.பி.யில் ஒழுங்காக ஓடும் யூ.பி.எஸ். ஜெனரேட்டரில் மட்டும் கத்துகிறது. எது பழுது?

பெரும்பாலும் இரண்டுமே பழுதில்லை. லோடு ஏறி இறங்கும்போது ஜெனரேட்டரின் ஃப்ரீக்வென்சி 50-ஐச் சுற்றி அலையும். யூ.பி.எஸ். அதை ஏற்காமல் பேட்டரிக்குத் தாவும், திரும்ப முயலும், மறுபடி தாவும். யூ.பி.எஸ். கம்பெனி ஆளை அழைத்து உள்வரும் ஃப்ரீக்வென்சி வரம்பைச் சற்று விரித்து, லோடை மெதுவாக ஏற்றும் வசதியை இயக்கச் சொல்லுங்கள். பழைய வகை யூ.பி.எஸ்.களின் ரெக்டிஃபையர் ஹார்மோனிக்ஸ் எனப்படும் அலைச் சிதைவை உண்டாக்கி ஆல்டர்னேட்டரைக் குழப்பும். அவை நிறைய இருந்தால் செட்டின் அளவை முடிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு காரணம் பலர் கண்ணில் படாது: பவர் ஃபேக்டருக்காக வைத்த கெப்பாசிட்டர் பேனல். குறைந்த லோடில் அது ஜெனரேட்டரோடு இணைந்தே இருந்தால் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் கட்டுப்பாட்டை மீறி ஏறும். செட் ஓடும்போது கெப்பாசிட்டர்கள் தானாக விலகும்படி சேஞ்ச் ஓவரிலிருந்து ஒரு கட்டுப்பாட்டு வயர் இழுத்தால் தீர்ந்தது.

மாடியில் சோலார் இருக்கிறது. மின்தடையில் அதையும் ஜெனரேட்டரையும் சேர்த்து ஓட்டலாமா?

ஓட்டலாம், ஆனால் நடுவில் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும். சோலார் இன்வெர்ட்டர் ஜெனரேட்டரை ஈ.பி. என்றே நினைத்து இணைந்துவிடும். வெயில் ஏற ஏற லோடின் பெரும்பகுதியை அது எடுத்துக்கொள்ள, செட் முன்பு சொன்ன 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். லோடு திடீரெனக் குறைந்தால் மின்சாரம் ஜெனரேட்டருக்குள்ளேயே பின்னால் பாயும். செட்டின் குறைந்தபட்ச லோடைக் காத்து, அதற்கேற்ப சோலாரைக் குறைக்கும் கருவிகள் கிடைக்கின்றன. சிறிய இடமாகவும் தடை குறைவாகவும் இருந்தால், செட் ஓடும்போது சோலாரைத் துண்டிப்பதே மலிவு.

500 கே.வி.ஏ. ஒன்றா, 250 இரண்டா?

பகல் லோடும் இரவு லோடும் பெரிதாக வேறுபடும் விடுதி, மருத்துவமனைக்கு இரண்டு. இரவில் ஒன்று மட்டும் நல்ல லோடில் ஓடும். ஒன்று சர்வீஸில் இருந்தாலும் பாதிக் கட்டடமாவது இயங்கும். ஒத்திசைவுப் பேனல், இரண்டாவது மேடை, கூடுதல் குழாய் என்று செலவு கூடும். நாள் முழுதும் ஒரே சீராக லோடு இருந்து, சில மணி நேரம் நின்றாலும் தாங்கும் தொழிற்கூடத்துக்கு ஒன்றே போதும்.

நிறுவி முடித்துவிட்டார்கள். கடைசித் தவணை கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

பொத்தானை அமுக்கி ஓட்டிக் காட்டுவது சோதனையாகாது. ஈ.பி. பிரேக்கரை அணைத்து, செட் தானாகக் கிளம்பி லோடு எடுக்கும் வரை நொடிகளை எண்ணுங்கள். லோடு பேங்க் (சோதனைக்காகச் செயற்கை லோடு தரும் கருவி) வாடகைக்கு எடுத்தோ கட்டடத்தின் முழு லோடிலோ ஓரிரு மணி நேரம் ஓட்டி, வோல்டேஜ், ஃப்ரீக்வென்சி, தண்ணீர் வெப்பம், எண்ணெய் அழுத்தம் ஆகியவற்றைக் கால் மணிக்கு ஒருமுறை எழுதச் சொல்லுங்கள். முடிந்ததும் கேபிள் லக்குகளின் (கேபிள் முனை இணைப்புகள்) வெப்பத்தை அளவி கொண்டு பாருங்கள். ஒன்று மட்டும் சுடுகிறது என்றால் அது சரியாக முறுக்கப்படவில்லை.

லோடு கொடுக்கும் முன்பே பேஸ் வரிசையைச் சரிபார்ப்பதை யாரும் விடக் கூடாது. ஈ.பி.யில் ஆர், ஒய், பி என்று வருவது செட்டில் ஆர், பி, ஒய் என்று மாறியிருந்தால் விளக்கெல்லாம் எரியும், எல்லாம் சரி என்று தோன்றும். ஆனால் மும்முனை மோட்டார்கள் எதிர்த்திசையில் சுற்றும். தண்ணீர் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும், தொட்டியில் தண்ணீர் ஏறாது. கைக்கடக்கமான ஒரு மீட்டர் அரை நிமிடத்தில் காட்டிவிடும்.

வாரம் தவறாமல் ஐந்து நிமிடம் ஓட்டுகிறோம். ஆனாலும் தேவைப்பட்ட நாளில் கிளம்பவில்லையே?

முதலில் பேட்டரி. கிளம்பாத செட்டுகளில் பெரும்பாலானவற்றில் கை அங்கேதான் போகிறது. சார்ஜரின் சுவிட்ச் அணைந்திருக்கும், டெர்மினலில் பச்சை பூத்திருக்கும், அல்லது பேட்டரிக்கு வயதாகியிருக்கும். வோல்ட் அளவு சரியாகக் காட்டினாலும் ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது அது எவ்வளவு சரிகிறது என்று பார்க்க வேண்டும். அடுத்தது யாரோ ஆஃப் நிலையில் விட்ட செலக்டர், அமுக்கியபடியே கிடக்கும் அவசர நிறுத்தப் பொத்தான், மூடியிருக்கும் டீசல் வால்வு. பிறகுதான் ஃபில்டரும் நீரும்.

லோடு இல்லாத ஐந்து நிமிட ஓட்டம் எஞ்சினைச் சூடாக்குவதில்லை. ஐந்தாம் கேள்வியில் சொன்ன பிசுக்கைத்தான் சேர்க்கும். மாதம் ஒருமுறை அரை மணி நேரமாவது உண்மையான லோடில் ஓட்டுங்கள், ஏ.எம்.எஃப். வழியாகவே. மணி மீட்டர் நகராவிட்டாலும் எஞ்சின் எண்ணெயை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கேனபிக் கதவின் உட்புறம் சர்வீஸ் ஆளின் எண், கடைசியாக எண்ணெய் மாற்றிய தேதி, பேட்டரி வாங்கிய மாதம் மூன்றையும் ஒட்டி வையுங்கள். சாவி ஒன்று இரவுக் காவலரிடம் இருக்கட்டும்; ஏ.எம்.எஃப். வேலை செய்யாதபோது கையால் எப்படிக் கிளப்புவது என்பதை அவரே ஒருமுறை செய்து பார்க்கட்டும்.